அமைச்சர் பேசினால் எத்தனை படி

"இன்னிக்கு எத்தனை படி?" என்று ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து இயோலே கேட்டாள்.

"எண்பத்தஞ்சு," என்றார் முற்றத்தில் நின்ற அவள் கணவர் ஓரெஸ்தே.

"நேத்து தொண்ணூத்தாறு இருந்துதே."

"நேத்து சாயங்காலம் அமைச்சர் டிவியில பேசினாரில்ல."

"நல்லதுதானே பேசினார்?"

"நல்லது பேசினதுக்குத்தான் பதினொண்ணு."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் இருவருக்கும் மூளை கலங்கிவிட்டதென்று நினைப்பார்கள். ரோமில், தெஸ்தாச்சோ பேட்டையில் இருக்கும் எங்கள் கட்டடத்தில், அந்த மார்ச் மாதம் நாங்கள் எல்லாருமே இப்படித்தான் பேசிக்கொண்டோம்.

ஓரெஸ்தே முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவர். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையை அப்படியே தூக்கி அரசாங்கத்திடம் கடனாகக் கொடுத்தார். முப்பது வருடப் பத்திரம். அப்போது டிவியில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: ஒரு கோதுமை வயல், ஒரு குழந்தை, ஒரு கொடி, பின்னணியில் ஒரு கனத்த குரல். நம்புகிறவனுக்கே நாளை சொந்தம் என்றது அந்தக் குரல். ஓரெஸ்தே நம்பினார். வங்கியில் மார்த்சியா என்ற பெண்மணி மட்டும் பேனாவைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள்.

"சின்யோர் ஓரெஸ்தே, இந்தப் பணம் முழுசா திரும்பி வரும்போது உங்களுக்குத் தொண்ணூத்தெட்டு வயசு ஆகியிருக்கும்."

"எனக்குத்தானே வயசாகும்? அரசாங்கத்துக்கு ஆகாதில்ல?"

"நடுவுல அவசரம்னு வந்தா?"

"வித்துக்கறேன். அரசாங்கக் காகிதத்தை வாங்க ஆளா இல்ல?"

"ஆள் இருக்கும். விலைய அவங்க சொல்லுவாங்க."

எதிலும் குறை காண்கிற பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டே ஓரெஸ்தே கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் கழித்து இயோலேவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் சேர்த்தார்கள். சமதரையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கலாம், படி மட்டும் ஏறவோ இறங்கவோ கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்குநாற்காலியில் அவளை ஐந்தாவது மாடியில் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து அவள் வீட்டுக் கதவு வரை தொண்ணூற்றாறு படி. பதினோரு மாதமாக அவள் தெருவை மிதிக்கவில்லை. ஜன்னலில் நின்று சந்தையைப் பார்ப்பாள்.

"அந்தச் செத்திமியோ உனக்கு நேத்தைய கீரையத்தான் கட்டித் தர்றான். நீயும் நன்றி செத்திமியோன்னு வாங்கிட்டு வர்றே. நான் ஒரு நாள் கீழே போனேன்னா தெரியும் அவனுக்கு."

"சரி இயோலே."

"சரின்னு சொல்லாதய்யா. லிஃப்ட் வை."

கட்டடத்தார் கூட்டம் போட்டோம். எல்லாரும் ஒருமனதாகச் சம்மதித்தோம், யாரும் பணம் தரச் சம்மதிக்கவில்லை. வேண்டுமென்பவர் தன் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம். கட்டட வரைவாளர் செசிதியோ வந்து, படிக்கட்டின் நடுவே நூல் பிடித்து அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"அதிர்ஷ்டக்காரர்யா நீங்க. லிஃப்டோட விலையும் உங்க பத்திரத்தோட இன்னைய விலையும் கிட்டத்தட்ட ஒண்ணு. தொண்ணூத்தாறு படிக்கும் சரியா வருது. நகராட்சி அனுமதி மட்டும் இந்த மாசக் கடைசி வரைதான். விட்டீங்கன்னா மறுபடி நாலு வருஷம்."

"நாளைக்குக் காலையிலயே விக்கறேன்," என்றார் ஓரெஸ்தே.

அன்று மாலைதான் நிதி அமைச்சர் டிவியில் தோன்றி 'வீட்டுக்கொரு லிஃப்ட்' திட்டத்தை அறிவித்தார். லிஃப்ட் வைக்கும் எந்தக் குடிமகனுக்கும் செலவில் முக்கால் பங்கை அரசு பத்து வருடத்தில் திருப்பித் தரும். இயோலே அழுதேவிட்டாள். நாலாவது மாடிக்காரர் ஒரு புட்டி ஒயினோடு ஏறி வந்தார். அரசாங்கத்தைப் பற்றி எங்கள் கட்டடத்தில் நல்ல வார்த்தை சொல்லப்பட்டது அந்த ஒரு மாலைதான்.

காலையில் ஓரெஸ்தே வங்கிக்குப் போனார்.

"எண்பத்தஞ்சு படி ஆயிடுச்சு," என்றாள் மார்த்சியா. பத்திரத்தை விற்றால் எத்தனை படி உயரத்துக்கு லிஃப்ட் வரும் என்ற கணக்கை முந்தின நாளே ஓரெஸ்தே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

"ஏன்? நேத்துதானே எனக்கு லிஃப்ட் தர்றேன்னாங்க."

"உங்களுக்கு மட்டுமா? நாட்டுக்கே தர்றேன்னாங்க. பணம் எங்கேயிருந்து வரும்னு சொன்னாரா?"

"சொல்லல."

"சொல்லலேன்னா கடன் வாங்கப் போறார்னு அர்த்தம். இப்ப நீங்க கடன் குடுக்கறவன்னு வச்சுக்கோங்க. ஒரு மாசத்துக்குக் கேட்டா கண்ண மூடிட்டுக் குடுப்பீங்க. முப்பது வருஷத்துக்குக் கேட்டா? இவன் போவான், இன்னொருத்தன் வருவான், அவனும் வீட்டுக்கொரு ஏதோ தர்றேம்பான். நாணயத்துக்கு என்ன மதிப்பு இருக்குமோ, யார் கண்டா? அந்தப் பயத்துக்கு வட்டிக்கு மேல கொஞ்சம் கூடக் கேப்பீங்களா மாட்டீங்களா?"

"கேப்பேன்."

"அந்தக் கூடக் கேக்கறதுதான் பிரேமியோ. புதுக் காகிதத்துல கூடக் கிடைக்குதுன்னா, குறைச்ச வட்டி போட்ட உங்க பழைய காகிதத்தை எவன் பழைய விலைக்கு வாங்குவான்? வருஷம் நீளமா இருக்கற காகிதத்துக்குத்தான் அடியும் பலமா விழும்."

ஓரெஸ்தே தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கு லிஃப்ட் தர்றேன்னு சொன்னதால என் லிஃப்ட் போச்சுங்கறீங்க."

"முழுசா போகல. நாலாவது மாடி வரை வரும்."

எங்கள் மொழியில் ஒரு வசதி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஜெயித்த பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசும் பிரேமியோதான், ஓட்டை அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவன் பயத்துக்காகக் கேட்கும் கூடுதல் வட்டியும் பிரேமியோதான். இதனால் பின்னால் என்னென்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றே விற்றிருக்கலாம். ஆனால் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றால் இன்னும் பத்தொன்பது படி மிச்சம். அமைச்சர் மறுநாள் விளக்கம் தரப்போவதாகச் செய்தி வந்தது. விளக்கினால் சரியாகிவிடும் என்று ஓரெஸ்தே காத்திருந்தார்.

அமைச்சர் விளக்கினார். பட்ஜெட்டில் செலவு மட்டும் இருக்கிறது, வரவு இல்லை என்கிறவர்கள் நாட்டை நேசிக்காதவர்கள் என்றார். ஒரு மில்லிமீட்டர்கூடப் பின்வாங்க மாட்டோம் என்றார்.

"எழுபத்தாறு," என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

அதற்கு மறுநாள், பயப்பட எதுவுமில்லை, ஆபத்து என்ற சொல்லே எங்கள் அமைச்சகத்தில் கிடையாது என்று அறிக்கை விட்டார்.

"அறுபத்தெட்டு."

"அந்த ஆளுக்குத் தொண்டை கட்டாதா?" என்று இரண்டாவது மாடிச் சின்யோரா கேட்டாள். அவளுக்கு லிஃப்டும் வேண்டாம், பத்திரமும் இல்லை. ஆனாலும் காலையில் காப்பி குடிக்கப் போகும்போது நாங்கள் எல்லாரும் படிக்கணக்கு விசாரிக்காமல் போவதில்லை.

அந்த வாரம் ஓரெஸ்தேவுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தலைப்பில் கழுகு, கழுகின் கீழே 'நம்பிக்கைப் பேணல் தலைமை இயக்ககம்'. 'தங்கள் வசமுள்ள முப்பது வருடப் பத்திரத்தின் பிரேமியோ ஐரோப்பாவில் முதலிடம் பெற்றுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். நேரில் வரவும். அடையாள அட்டையும் இரண்டு முத்திரைவில்லைகளும் கொண்டு வரவும்.'

"பரிசு விழுந்திருக்குய்யா," என்றாள் இயோலே.

"மார்த்சியா அப்படிச் சொல்லலியே. கூடினா நமக்கு நஷ்டம்னாளே."

"அவ வங்கில வேல பாக்கறா. இது அரசாங்கம். கழுகு போட்டிருக்கு பாரு."

இயக்ககத்தில் நான்கு மாடியும் நான்கு லிஃப்டும் இருந்தன. ஓரெஸ்தே அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எண் சீட்டு எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு முத்திரைவில்லையை ஒரு கவுன்டர் ஜன்னலிலும் இன்னொன்றை அடுத்த ஜன்னலிலும் ஒட்டிவிட்டுத் தலைமை இயக்குநர் குவரந்தோத்தியின் அறைக்குள் நுழைந்தார்.

"வாங்க, உக்காருங்க தொத்தோரே."

தொத்தோர் என்றால் பட்டம் வாங்கியவர். எங்கள் ஊரில் கார் நிறுத்த இடம் காட்டுபவனும் சில்லறை எதிர்பார்த்து எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவான்.

"நான் தொத்தோர் இல்லீங்க. டிராம் ஓட்டினவன்."

"இந்த அறைக்குள்ள வந்துட்டா தொத்தோர்தான். இல்லேன்னா நாற்காலி குடுக்க விதியில இடமில்ல."

ஓரெஸ்தே தொத்தோராக உட்கார்ந்தார். "பரிசு என்னங்க?"

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு இல்ல. நாங்க அமைச்சருக்கு ஒரு அட்டவணை அனுப்பினோம். முப்பது வருடப் பத்திரங்கள், ஆபத்துப் பிரேமியோ, நாடுகள் வாரியா. முதல் வரியில நாம. அமைச்சருக்கு உரை எழுதறவர் புதுசு, கவிதையில பட்டம் வாங்கினவர். பிரேமியோவில் ஐரோப்பாவிலேயே நாம முதல்னு எழுதிட்டார். அமைச்சர் அதை அமைச்சரவையில வாசிச்சிட்டார். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்களாம்."

"தப்புன்னு யாரும் சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? நிதி அமைச்சருக்கு நிதி தெரியாதுன்னு வெளிய வந்தா நம்பிக்கை குலையும். நம்பிக்கை குலைஞ்சா பிரேமியோ கூடும். அதனால, தப்பைத் திருத்தாம இருக்கறது இப்ப நிதி ஒழுங்குல ஒரு பகுதி."

"ஆனா அது கூடினா இன்னும் பெரிய பரிசு இல்லீங்களா?"

இயக்குநர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"பரிசுன்னு சொல்லியாச்சு, இனி பரிசளிப்பு விழா நடந்தாகணும். வாங்கறதுக்கு ஆள் வேணும். முப்பது வருடப் பத்திரத்தைச் சொந்தப் பேர்ல வச்சிருக்கற, இன்னும் கைவிடாத தனி மனுஷங்களத் தேடினோம். நாடு முழுக்க மூணு பேர் கிடைச்சாங்க. ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தர் பணத்தோட சுவிட்சர்லாந்து போயிட்டார். மூணாவது நீங்க."

"நானும் அதை விக்கத்தாங்க பாக்கறேன்."

இயக்குநரின் கை பேனாவோடு நின்றது.

"அந்தச் சொல்லை இந்தக் கட்டடத்துல நாங்க உபயோகிக்கறதில்ல."

"வேற என்னன்னு சொல்லணும்?"

"நம்பிக்கையை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்தல். அதையும் விழா முடியற வரை நீங்க செய்ய முடியாது. நீங்க இப்ப நம்பிக்கையோட முகம். முகம் எப்படி ஒப்படைக்கும்?"

"எனக்கு விழா வேண்டாங்க. என் பெண்டாட்டி பதினோரு மாசமா அஞ்சாவது மாடியில இருக்கா. இறங்க முடியல. ஒரு லிஃப்ட் வச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான். நீங்க ஒவ்வொரு தடவை வாயத் திறக்கும்போதும் அது ஒரு படி கீழ போகுது."

"பதினோரு மாசமா ஒரே இடத்துலயா?" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அற்புதம். எங்க மொழியில அதுக்கு ஒரு அழகான தொடர் இருக்கு. முதிர்வு வரை வைத்திருத்தல். எல்லாரும் உங்க மனைவி மாதிரி இருந்துட்டா இந்த நாட்டுக்குப் பிரச்சனையே இல்ல தொத்தோரே."

ஓரெஸ்தே அந்த இயக்குநரை அடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் டிராமில் ஆட்களை ஏற்றி இறக்கியவருக்குப் பொறுமை இருக்கும். வீட்டுக்கு வந்துதான் எல்லாவற்றையும் கொட்டினார்.

"விழாவுக்குப் போ," என்றாள் இயோலே.

"எதுக்கு? என்னைப் பொம்மையா நிறுத்தவா?"

"அமைச்சர் அங்க வருவான்ல? நேர்ல கேளு. கடன் வாங்கினவன் அவன், குடுத்தவன் நீ. நீ ஏன் ஜன்னல் ஜன்னலா வில்லை ஒட்டிட்டு நிக்கறே?"

விழா அமைச்சகத்தின் கண்ணாடி மண்டபத்தில் நடந்தது. கொடிகள், நுரைக்கும் ஒயின், ஒரு தட்டில் பொன்முலாம் பூசிய கோதுமைக்கதிர். அதுதான் பரிசு. ஓரெஸ்தேவின் கையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டே சொல்: 'நான் நம்புகிறேன்.' எல்லாத் தொலைக்காட்சியும் நேரடியாகக் காட்டின. நாங்கள் இயோலேவின் சமையலறையில் கூடியிருந்தோம்.

அமைச்சர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"நண்பர்களே, வடக்கே இருக்கற நாடுகளைப் பாருங்க. அவங்களுக்குக் கடன் குடுக்கறவங்களுக்கு என்ன பிரேமியோ தர்றாங்க? ஒண்ணுமே இல்ல. கஞ்சத்தனம். நாம எவ்வளவு தர்றோம்? நாலு மடங்கு. இதுதான் இத்தாலியோட தாராளம். போன அரசாங்கம் இதை இந்த உயரத்துக்குக் கொண்டுவர முடிஞ்சுதா? முடியல. நாங்க மூணே வாரத்துல கொண்டுவந்தோம்."

கைதட்டல்.

"வரவு எங்கேன்னு கேக்கறாங்க. சொல்றேன். எதிர்காலத்துல இருக்கு. எதிர்காலம் நம்மகிட்ட ஏராளமா இருக்கு, ஏன்னா இதுவரைக்கும் அதை யாரும் செலவு பண்ணல. நாங்கதான் முதல்ல ஆரம்பிச்சிருக்கோம்."

மறுபடி கைதட்டல். பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேர் தலையைக் குனிந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரெஸ்தேவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அமைச்சரே, ஒண்ணு கேக்கலாங்களா?"

"தாராளமா கேளுங்க. மக்களோட குரல்," என்று அமைச்சர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் காகிதத்துல ஆபத்தே இல்லைன்னு சொன்னீங்க."

"ஒரு துளிகூட இல்ல."

"அப்ப நீங்களே இதை வாங்கிக்கோங்க. நான் என்ன குடுத்து வாங்கினேனோ அதே விலைக்கு. ஒரு காசு அதிகமா வேண்டாம். உங்களுக்கும் நம்பிக்கை இருக்கு, எனக்கும் லிஃப்ட் கிடைச்சிடும்."

மண்டபத்தில் யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அமைச்சர் ஓரெஸ்தேவின் தோளில் கை போட்டு, ஒலிவாங்கியிலிருந்து தன் வாயைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் சட்டையில் இன்னொரு ஒலிவாங்கியைச் செருகியிருந்தார்கள்.

"என்னய்யா விளையாடறீங்களா? எனக்கு அறுபத்திரண்டு வயசு. முப்பது வருஷம் எவன் உக்காந்து காத்துட்டு இருப்பான்? அதுக்குள்ள எவனெவன் வந்து எப்படியெப்படிச் செலவு பண்ணித் தொலைப்பானோ. என் பணமெல்லாம் மூணு மாசத்துக்கு மேல எங்கேயும் போடறதில்ல."

நாடு முழுக்கக் கேட்டது. பிரேமியோ என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகத் தன் வங்கிப் பயிற்சியில்கூட யாரும் விளக்கவில்லை என்று மார்த்சியா பின்னால் சொன்னாள்.

ஓரெஸ்தே டிராம் பிடித்துத் தெஸ்தாச்சோ வந்து இறங்குவதற்குள் அறுபத்தெட்டு நாற்பத்தொன்றாகியிருந்தது. அமைச்சகம் விளக்க அறிக்கை வெளியிட்டது: அமைச்சர் தம் தனிப்பட்ட வயதைப் பற்றி மட்டுமே பேசினார்.

பொன்முலாம் கதிரை மேசைமேல் வைத்துவிட்டு ஓரெஸ்தே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் வாயாலயே கெடுத்துட்டேன் இயோலே. பேசாம அந்த ரெண்டு சொல்லைப் படிச்சிருந்தா அறுபத்தெட்டாவது நின்னிருக்கும்."

"நீ கேட்டது சரிதான்யா. அவன் சொன்னதும் உண்மைதான். இந்த நாட்டுல ஒரு உண்மைக்கு இருபத்தேழு படி விலைன்னா நீ என்ன பண்ணுவே?"

அப்போது மார்த்சியாவிடமிருந்து போன் வந்தது. "சின்யோர் ஓரெஸ்தே, நாளைக்குப் பிரதமர் பேசப் போறாராம். அமைச்சர் பேசினதுக்கு விளக்கமாம். என்ன முடிவு பண்றீங்கன்னு இன்னிக்கே சொல்லிடுங்க."

இயோலே அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வித்துடும்மா."

"நாப்பத்தொண்ணுக்கா? லிஃப்ட் ரெண்டாவது மாடியோட நின்னுடுமே."

"வர்ற வரைக்கும் வரட்டும். மிச்சத்துக்கு நான் போய்க்கறேன். உக்காந்துட்டே இறங்கலாம்ல? டாக்டர் நடந்து இறங்கத்தான் கூடாதுன்னார்."

"மறுபடி ஏறணுமே?" என்றார் ஓரெஸ்தே.

"முதல்ல நான் வெளிய போகணும். ஏறுறதை அப்புறம் பாக்கலாம்."

இரண்டாவது மாடிக்கு முப்பத்தெட்டு படி. மீதி மூன்று படியும் முத்திரைக் கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. செசிதியோ வேலையைத் தொடங்கினார். பாதியில் நிற்கிற லிஃப்டைத் தன் வாழ்நாளில் கட்டியதில்லை என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கட்டினார். கூண்டு வைத்த பிறகு படிக்கட்டு ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கிப்போனது. ஜூன் மாதம் லிஃப்ட் ஓடியது.

திட்டத்தின் கீழ் நாட்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரே லிஃப்ட் இதுதான் என்று இயக்ககம் கண்டுபிடித்தது. பத்து வருடத் தவணையில் ஒரு காசுகூட இன்னும் வரவில்லை என்பது கண்டுபிடிப்பில் சேரவில்லை. அமைச்சரே வந்து திறந்து வைப்பார் என்று தபால் வந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றாள் இயோலே.

"பத்தரைக்கு."

"அப்ப நான் ஏழு மணிக்குக் கிளம்பணும்."

ஏழு மணிக்கு ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது மாடியின் முதல் படியில் உட்கார்ந்தாள். ஓரெஸ்தே இரண்டு படி கீழே, விழுந்தால் தாங்கிக்கொள்ள. உட்காருவாள், கையை ஊன்றுவாள், இடுப்பை நகர்த்துவாள், வலியில் உதட்டைக் கடிப்பாள், தலையணையை இழுப்பாள். ஒரு படி. நாலாவது மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்து, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து திருப்பத்தில் போட்டார். ஐம்பத்தெட்டுப் படி. மூன்றரை மணி நேரம்.

அவள் இரண்டாவது மாடியை அடைந்தபோது கீழே கைதட்டல் கேட்டது. லிஃப்ட் மேலே வந்து கதவு திறந்தது. உள்ளே அமைச்சர், இயக்குநர் குவரந்தோத்தி, ஒரு கேமராக்காரர்.

"சின்யோரா, உங்களுக்காகத்தான் இதெல்லாம்," என்றார் அமைச்சர். "வாங்க, ஏறுங்க."

"முதல்ல நீங்க இறங்குங்க."

மூவரும் இறங்கினார்கள். கேமராக்காரர் சிவப்பு விளக்கைப் போட்டார்.

"நான் ஏறினா படம் எடுப்பீங்க இல்ல?"

"நாடே பார்க்கும்."

"படத்துக்குக் கீழ என்ன எழுதுவீங்க?"

இயக்குநர் முன்னால் வந்தார். "தயாரா வச்சிருக்கோம் சின்யோரா. 'நம்பினார், உயர்ந்தார்'."

"அப்ப இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு ஏறிக்கறேன். என் புருஷன் காசுல கட்டினது, எங்கேயும் ஓடிப்போயிடாது," என்று சொல்லிவிட்டு இயோலே தலையணையை அடுத்த படியில் போட்டு உட்கார்ந்தாள்.

அமைச்சருக்கு அவசரம். லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்கள். கதவு பாதி மூடி நின்றது. அவர் வெட்டிய மூவர்ண நாடாவின் நுனி கதவிடுக்கில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. செசிதியோ கீழே நின்று, ஒரு மணி நேரமாவது ஆகும், யாரும் எதையும் தொடாதீர்கள் என்று கத்தினார். மிச்சமிருந்தது படிக்கட்டு. படிக்கட்டில் இயோலே இருந்தாள்.

"சின்யோரா, கொஞ்சம் ஒதுங்கினீங்கன்னா நான் போயிடுவேன்."

"எங்கே ஒதுங்க? ஓர் ஆள் இடம்தான் இருக்கு. மிச்ச இடத்துல உங்க திட்டம் நிக்குது."

"பதினோரு மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம் எனக்கு. புது அறிவிப்பு இருக்கு. வீட்டுக்கொரு..."

"பேசாதீங்க. நீங்க பேசினா எனக்குக் கை வழுக்குது."

அமைச்சர் கைப்பேசியை எடுத்தார். எங்கள் படிக்கட்டுச் சுவர் நூறு வருடத்துச் சுவர், உள்ளே எந்தக் கோபுரத்தின் அலையும் வராது. ஓரெஸ்தே இரண்டு படி கீழே, இயோலே நடுவில், அவளுக்குப் பின்னால் நிதி அமைச்சர், அவருக்குப் பின்னால் நம்பிக்கைப் பேணல் தலைமை இயக்குநர், கடைசியில் கேமரா. அவள் ஒரு படி இறங்கினால் அவர்களும் ஒரு படி இறங்கினார்கள். அவள் மூச்சு வாங்க நின்றால் அவர்களும் நின்றார்கள். முப்பத்தெட்டுப் படிக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அமைச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை.

முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். இயோலே அதில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அமைச்சரின் கார் அவசர ஒலியோடு போயிற்று.

வங்கியிலிருந்து மார்த்சியா ஓடி வந்தாள். இரண்டு தெரு தாண்டி, வேலை நேரத்தில், கைப்பையைக்கூட எடுக்காமல்.

"சின்யோர் ஓரெஸ்தே, பத்தரையிலிருந்து விலை ஏறிக்கிட்டே இருந்துது. பதினேழு படி. பட்ஜெட் பத்தி ஒரு அறிவிப்பும் வரலியாம், அமைச்சரோட மௌனத்துல பக்குவம் தெரியுதுன்னு எழுதறாங்க."



"யாருக்கு ஏறுச்சு?" என்றார் ஓரெஸ்தே.

மார்த்சியா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்ட வாங்கினவங்களுக்கு."

இயோலே கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த ஊர்க்காரன் அவன்?"

"தெரியாது சின்யோரா. லண்டன்ல ஏதோ ஒரு பெரிய கட்டடம். முப்பதாவது மாடின்னு விலாசத்துல இருந்துது."

"அங்க லிஃப்ட் இருக்கும்," என்றாள் இயோலே.